வாழ்க்கைப் பாடத்துக்கு வந்த பரீட்சை

குவளைநாட்டு ராஜா கொற்றவராயனுக்குக் கோபம் வந்தால் தலையை வாங்க மாட்டார், மீசையை வாங்குவார். அப்பேர்ப்பட்ட அரண்மனையில் விகடகவி அங்கமுத்துவின் மீசை இருக்கிறதே, அடேயப்பா! காலையில் விளக்கெண்ணெய், மாலையில் தேங்காயெண்ணெய் என்று பெற்ற பிள்ளையைப்போல வளர்த்து வைத்திருந்தான். அந்த மீசைக்கு ஆபத்து ஒரு பள்ளிக்கூடத்தால் வந்தது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் கணக்கும் மட்டும் போதுமா, வாழத் தெரிய வேண்டாமா என்று ராஜாவை நச்சரித்து, அங்கமுத்துதான் வாழ்க்கைப் பாடம் என்று ஒன்றைத் தொடங்கிவைத்தான். கை கழுவுவது, வரிசையில் நிற்பது, வாயில் போடுமுன் என்னவென்று கேட்பது, நாலு பேர் செய்கிறார்களே என்று தானும் செய்யாமல் ‘வேண்டாம்’ என்று சொல்வது. இவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் அதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தலைமைப் புலவர் திருமேனியாரின் இலக்கண வகுப்பு காற்றாடியது.

விடுவாரா அவர்? நேரே சபைக்கு வந்தார்.

“மகாராஜா! கை கழுவ ஒரு வாத்தியாரா? வரிசையில் நிற்க ஒரு வகுப்பா? ஊர் சிரிக்காதா? இந்தச் சபையில் யாருக்கு இதெல்லாம் தெரியாது?”

“அதானே!” என்றார் ராஜா. “அங்கமுத்து, நாளைக்கே சபையில் பரீட்சை வை. சபையோருக்குத் தெரியாத ஒன்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாடத்தையும் எடுத்துவிடுவேன், உன் மீசையையும் எடுத்துவிடுவேன்.”

அங்கமுத்து மீசையைக் கையால் பொத்திக்கொண்டே வெளியே வந்தான். கால்போன போக்கில் யானைக் கொட்டாரத்துப் பக்கம் போனான். திரும்பி வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் சபை கூடியது. பிள்ளைகள் ஒரு பக்கம், பெரிய மனிதர்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு பித்தளை அண்டா. அதற்கு ரோஜா மாலை. பக்கத்தில் வெள்ளிக் கிண்ணங்கள். அண்டாவுக்குக் காவலாகப் பாகன் மாயாண்டி.

“பரீட்சைக்கு முன்னால் தாகத்துக்கு ஏதோ வைத்திருக்கிறேன்,” என்றான் அங்கமுத்து. “வேண்டியவர்கள் குடிக்கலாம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாயாண்டியைக் கேளுங்கள்.”

குவளைநாட்டில் ஒரு வழக்கம். மாலை போட்டு எது சபைக்கு வந்தாலும், முதல் மரியாதை யாருக்கு என்று அடிபிடி நடக்கும். திருமேனியார் மந்திரியின் சால்வையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு ஓடினார். ஒரு கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தார். அவர் கண் பிதுங்கியது, மூக்கு கோணியது. ஆனால் முதல் மரியாதை கசக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

“ஆகா! அமிர்தம்!” என்றார்.

அவ்வளவுதான், சபையே பாய்ந்தது. “தேவாமிர்தம்!” என்றார் மந்திரி, கண்ணில் நீர் வழிய. “இதைவிட மேலே!” என்றார் சேனாதிபதி. ஜோசியர் பாவம், மரியாதைக்கு இரண்டாவது கிண்ணமும் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

“எனக்கும் கொண்டா!”

கிண்ணம் ராஜாவின் உதட்டருகே போய்விட்டது.

“வேண்டாம் மகாராஜா!”

எழுந்து நின்றவள் பூவாயி, பெரிய வகுப்பு மாணவி. அங்கமுத்துவின் கை தானாக மீசைக்குப் போயிற்று. ஆனாலும் மானம் காத்தாய் மகளே என்று மனசு குதித்தது.

“யாரிடம் வேண்டாம் என்கிறாய்?” என்று உறுமினார் ராஜா.

“மன்னிக்கணும் மகாராஜா. அதில் என்ன இருக்கிறதென்று இன்னும் யாருமே கேட்கவில்லையே,” என்றவள் பாகன் பக்கம் திரும்பினாள். “மாமா, இது என்ன?”

“அப்பாடா, கேட்டியே தாயி!” என்றார் மாயாண்டி. “யாராச்சும் கேப்பாங்களான்னு காலையிலேர்ந்து காத்துக்கிட்டு நிக்கிறேன். நம்ம பட்டத்து யானைக்கு வயிறு கட்டிக்கிச்சு. அதுக்குக் காய்ச்சின பேதிக் கஷாயம் இது.”

ராஜா கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

அதே நேரம் திருமேனியாரின் வயிறு கடமுடா என்றது. மந்திரியின் வயிறு பதில் சொன்னது. அடுத்த நொடி சபையே கொல்லைப்புறம் ஓடியது. அங்கே இருந்ததோ ஒரே ஒரு கழிப்பறை!

“தள்ளு! தள்ளு!”

“முதல் மரியாதை எனக்குத்தான்!” என்று அலறினார் திருமேனியார்.

பிள்ளைகள்தான் ஓடிப்போய் ஒழுங்குபடுத்தினார்கள். “வரிசை, வரிசை! ஜோசியர் தாத்தா இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறார், அவரை முதலில் விடுங்கள்! சேனாதிபதி ஐயா, இடிக்காதீர்கள்!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லவேளை, சிரிப்பதற்காக மட்டும்தான் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பெண் மட்டும் வாய் திறக்காவிட்டால் நானும் அந்த வரிசையில்தான் நின்றிருப்பேன். உன் மீசை பிழைத்தது அங்கமுத்து! பாடமும் இருக்கட்டும். பூவாயிக்கு என் முத்துமாலை. உனக்கு என்ன வேண்டும்?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. பரீட்சை இன்னும் முடியவில்லை, அதை மட்டும் பாருங்கள்,” என்று கொல்லைப்பக்கம் கைகாட்டினான் அங்கமுத்து.

திருமேனியார் தள்ளாடி வெளியே வந்துகொண்டிருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரும் பார்க்காத மாதிரி சபைக்குள் நழுவப் பார்த்தார். வாசலில் செம்பும் தண்ணீருமாகப் பூவாயி வழிமறித்தாள்.

“ஐயா, கை?”

திருமேனியார் அவளைப் பார்த்தார். சிரிக்கிற ராஜாவைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

“ஊற்றுங்க, வாத்தியாரம்மா.”