கோட்டைக் கதவைத் திறந்தவன்

ஆற்றங்கரை நகரத்துக்கு மேலே குன்றின்மீது ஒரு கோட்டை இருந்தது. நகரத்து மக்கள் அதற்குள் அடைக்கலம் புகுந்திருக்க, எதிரிப்படை அதை மாதக்கணக்கில் வளைத்துக் கிடந்தும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலையில் காவலாள் ஒருவன் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டான். கோட்டை விழுந்தது.

பிறகு வந்த அரசர் அங்கே பூங்கா அமைத்தார். கதவைத் திறந்தவனையே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தார். அது மன்னிப்பா, தண்டனையா என்று யாருக்கும் விளங்கவில்லை. அவன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் கோட்டை விழுந்த நாளில் நகரத்து மக்கள் பிள்ளைகுட்டிகளோடு குன்றேறி வருவார்கள். அவன் குடிசைமேல் ஆளுக்கொரு கல் எறிவார்கள். பிறகு புல்தரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, ஆற்றைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

அந்த வருடம் செங்கோடன் இடுப்பில் கத்தியோடு கிளம்பினான். கோட்டை விழுந்த அன்று அந்தக் கதவருகில் வெட்டுப்பட்டுச் செத்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். அப்போது அவன் கைக்குழந்தை. இப்போது காதோரம் நரைத்துவிட்டது. குருவிடம் சீடனாகச் சேர்ந்து பல காலமாகியும் அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

குரு கத்தியைப் பார்த்தார். "நானும் வரேன்" என்றார்.

பாதி வழியில் செங்கோடன் கேட்டான்: "சாமி, அவனைக் கொன்னா பாவமா?"

"எதுக்குத் திறந்தான்னு அவனைக் கேட்டியா?"

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"கேளு. அப்புறம் சொல்றேன்."

கோட்டை வாசலில் பொரி விற்கும் பெண் கூப்பிட்டாள். "வாங்க சாமி! பொரி வாங்கினா கல்லு சும்மா. கைக்கு அடக்கமா பொறுக்கி வச்சிருக்கேன்."

"எங்க பொறுக்கினே?" என்றார் குரு.

"எல்லாம் அவன் கூரையில விழுந்ததுதான். போன வருஷத்துக் கல்லு. எறிய எறிய மழமழன்னு ஆகுது பாருங்க." அவள் சிரித்தாள். "உங்களை ஒரு வருஷம்கூட இந்தப் பக்கம் பார்த்ததில்லையே?"

"நான் வந்ததில்லை."

குடிசை வாசலில் கிழவன் குந்தியிருந்தான். தலைமேல் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சீக்கிரமே வந்துட்டீங்க. எறிங்க" என்றான்.

செங்கோடன் கூடையைத் தட்டிவிட்டுக் கத்தியை உருவினான். கிழவன் கத்தியைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"எதுக்குத் திறந்தே?" என்றான் செங்கோடன்.

"பசி."

"குழந்தைங்க சாகறதைப் பார்க்க முடியாம திறந்தியா?"

"அப்படிச் சொல்லிக்கலாம்." கிழவன் தலையை ஆட்டினான். "குழந்தைங்க செத்ததையும் பார்த்தேன். அதுக்காகத் திறக்கலை. எனக்குப் பசிச்சது. வெளியே அவங்க கஞ்சி காய்ச்சினாங்க. திறந்தா ஒரு சட்டி ஊத்தறோம்னாங்க."

"ஊத்தினாங்களா?"

"ஊத்தினாங்க. சூடா இருந்துச்சு."

செங்கோடன் வேறு ஏதோ ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை தூரம் ஏறி வந்தவன்போல நின்றான். புல்தரையில் யாரோ ஒரு குழந்தைக்குக் கல்லை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் குருவின் பக்கம் திரும்பினான்.

"கேட்டீங்களா? ஒரு சட்டிக் கஞ்சி! எங்கப்பா ரத்தம் காயறதுக்குள்ள, வெட்டினவன் ஊத்தின கஞ்சியைக் குடிச்சிருக்கான். இவனெல்லாம் மனுஷனா? இவனைக் கொன்னா பாவமா, இப்பச் சொல்லுங்க."

குரு கீழே கிடந்த கூடையை எடுத்துக் கிழவனின் தலைமேல் மறுபடி வைத்தார்.

"இவன் மட்டும் குடிக்கலை, செங்கோடா."

"வேற யாரு?"

"அன்னிக்குச் சாயங்காலம் அண்டா அண்டாவா காய்ச்சினாங்க. உள்ளே உயிரோட இருந்த அத்தனை பேரும் சட்டியைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னோம். எனக்கு முன்னால உங்கம்மா. அவ இடுப்புல, பாலுக்கு அழுதுக்கிட்டு நீ."