நிறைத்து வைத்த பேட்டரி

காற்றாலைப் பொட்டலில் காற்றுக்குப் பஞ்சம் கிடையாது. ஆளுக்குத்தான் பஞ்சம். அங்கே ஓர் ஒற்றை அறையும் பெரிய தகரக் கொட்டகையும் ஆறுமுகநயினாரின் பொறுப்பில் இருந்தன. ட்ரோனைப் பறக்கவிட்டு, காற்றாலை இறக்கைகளில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று படம் பிடிப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்ட வித்தை அது. கற்றுக்கொடுத்தவள் பெனிட்டா. அவருடைய மகனைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர். வாய் தவறிக்கூட ‘வா, போ’ என்று வந்ததில்லை.

ஆனி பிறந்தால் அந்தப் பக்கம் காற்று பேயாட்டம் ஆடும். அரை மணி நேரம் தாங்குகிற பேட்டரி அந்தக் காற்றோடு மல்லுக்கட்டிப் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதனால் ட்ரோன் பெட்டிக்குள் முடங்கிவிடும். ஆறுமுகநயினாரும் அறைக்குள் முடங்கிவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகன் கோமதிநாயகம் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். பேச்சுத்துணைக்குச் செல்போன் இருந்தது, ஆனால் அது அடித்தால்தானே துணை.

ஒரு நாள் காலையில் பெனிட்டா பேட்டரிகளைச் சோதிக்க வந்தாள். ஆறுமுகநயினார் இரும்புப் பெட்டியை நகைப்பெட்டி மாதிரி திறந்து காட்டினார்.

“எல்லாம் ஃபுல் சார்ஜ், டீச்சர். காத்து என்னைக்கு அடங்குமோ, யாரு கண்டா? தெனமும் காலையில எழுந்த உடனே ஏத்திருவேன். ஒரு பொட்டு குறைய விடல.”

அவள் ஒரு பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரத்தை விரலால் அழுத்தினாள். அது தொட்டில் போல் ஆடியது. அடுத்ததை வைத்தாள். அதுவும் ஆடியது.

“உப்பிப் போச்சு, அண்ணாச்சி.”

அவர் நம்பவில்லை. கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். தட்டையாக இருக்கவேண்டிய இடம் வயிறு தள்ளியிருந்தது. தினமும் தொட்டுத் தொட்டு எடுத்தவருக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை.

“பறக்கவே இல்லையே டீச்சர். உழைச்சாத்தான தேயும்? பொத்திப் பொத்திலா வச்சிருந்தேன்.”

“நிறைச்சு வச்சீங்கள்லா.”

“நிறைச்சு வைக்கது தப்பா?”

அவள் உப்பிய பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போய் தீப்பிடித்தாலும் பரவாதபடி மணல் வாளிக்குள் வைத்தாள். பெட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மேசைமேல் வைத்து அழுத்தியபோது அது ஆடவில்லை.

“இது தப்பிச்சிருக்கு” என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, “சப்ஸ்டேஷன்ல லைன்மேன்க மீன்குழம்பு வைக்காங்க. மத்தியானம் வாங்களேன்” என்றாள்.

“அங்க டவர் எடுக்காது, டீச்சர்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. செல்போனோடு ஒரு பவர் பேங்கையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தார். குளிக்கப் போனாலும் அது சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

“கப்பல்லேர்ந்து தம்பி பேசுனாரா?” என்று பெனிட்டா கேட்டாள். போனவாரம் என்ன மழை என்று கேட்கிற தொனியில்தான் கேட்டாள். ஆனால் மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

“கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குப் பேசுனான். அவன் கூப்பிட்டா இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு சேத்துச் சேத்து வச்சிருந்தேன், டீச்சர். அவன் ‘அப்பா’ன்னான். நான் ‘செத்தாத்தான் வருவியால’ன்னுட்டேன். அப்புறம் என் வாய என்னாலயே நிறுத்த முடியல. அவன் ஒண்ணும் சொல்லல. எல்லாத்தையும் கேட்டான். வச்சுட்டான்.”

“அதுக்கப்புறம்?”

“இன்னைக்குக் காலையிலதான்.”

செல்போனை நீட்டினார். ‘நாளைக்குக் கரையில இருப்பேன் அப்பா. கூப்பிடவா?’ என்று இருந்தது. கீழே அவருடைய பதில் ‘ம்’ மட்டும்.

“நாளைக்கும் அதே மாதிரி ஆயிட்டுன்னா, இனி கூப்பிடவே மாட்டான். அது எனக்கு நல்லாத் தெரியும்” என்றார். அவருக்குப் பயமாக இருந்தது. நடுக்கடலில் இருக்கிறவனுக்கு இல்லாத பயம் செம்மண் தரையில் இருக்கிறவருக்கு இருந்தது.

பெனிட்டா அந்த ஒற்றைப் பேட்டரியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“ட்ரோன எடுங்க.”

“இந்தக் காத்துலயா?”

“கொட்டகைக்குள்ள.”

கொட்டகையில் ஒரு மாற்று இறக்கை நீளவாக்கில் கிடந்தது. இருபுறமும் ஆள் நடமாட வழி இருந்தது. காற்று வெளியே தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே தூசி அசையவில்லை. ஆறுமுகநயினார் ட்ரோனைத் தலை உயரத்துக்கு எழுப்பினார்.

“எதப் படம் பிடிக்க?”

“ஒண்ணையும் பிடிக்க வேண்டாம். சும்மா நிக்கட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“பாதி இறங்குத வரைக்கும்.”

ட்ரோன் நின்றது. அதன் இரைச்சல் தகரத்தில் முட்டி மோதிக் காதை அடைத்தது. அவருக்கு மனசே ஆறவில்லை. ஒரு வேலையுமில்லாமல் பேட்டரி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

“வீணாப் போகுதே, டீச்சர்.”

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

“வீணாப் போகுதுன்னேன்.”

“வேற?”

என்ன கேள்வி இது என்று திரும்பிப் பார்த்தார். அவள் இறக்கையின்மேல் சாய்ந்து ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேறன்னா என்னத்தச் சொல்ல? காலையில ரெண்டு டம்ளர் காப்பி போடுதேன். பழக்கம் விடமாட்டேங்கு. ரெண்டையும் நானே குடிக்கேன்.”

“வேற?”

“வேற... அவ கடைசி நாள்ல அவனத்தான் கேட்டா. கப்பல் நடுக்கடல்ல கெடந்துச்சு. கொள்ளி வைக்க அண்ணன் மகன்தான் நின்னான். அவனால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம். யாரு மேலன்னு தெரியாத கோவம். அவன் குரலக் கேட்டதும் அவன் மேலயே போட்டுட்டேன்.”

இரைச்சலுக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் அவர் கத்தித்தான் சொன்னார். இரண்டு வருடத்தில் அவ்வளவு சத்தமாக அவர் பேசியதில்லை. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தன. வழிந்ததை வழியவிட்டார். அவள் ‘வேற’ என்று கேட்பதை நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. வேட்டி காற்றில் பறந்துபோய் முள்மரத்தில் மாட்டியது, உப்பில்லாமல் குழம்பு வைத்துவிட்டு யாரிடம் குறை சொல்வது என்று திகைத்தது, சோற்று நேரத்துக்கு மட்டும் வந்து நலம் விசாரிக்கிற நாய் ஒன்று, எல்லாம் வந்தன. நாயைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப்பையில் செல்போன் இருப்பது கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

திரை பாதி என்று காட்டியது.

“இறக்குங்க” என்றாள் பெனிட்டா.

“இன்னும் இருக்கே. முழுசும் காலி பண்ணிரவா?”

“வேண்டாம். காலியா வச்சாலும் செத்துரும். பாதியில வச்சா ரொம்ப நாள் கெடக்கும்.”

“வேலை வந்தா?”

“வந்தா ஏத்திக்கிடலாம்.”

ட்ரோன் தரையில் அமர்ந்தது. இரைச்சல் அடங்கியதும் வெளியே காற்றின் சத்தம் திரும்பக் கேட்டது. அவர் பேட்டரியைக் கழற்றிச் சூடு ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு பெட்டிக்குள் வைத்தார். சார்ஜரைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் போட்டார்.

பெனிட்டா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஆறுமுகநயினார் அவிழ்ந்த வேட்டியை மடித்துக் கட்டியபடி பின்னாலேயே வந்தார்.

“டீச்சர், நாளைக்கு அவன் கூப்பிட்டா நான் என்னத்தப் பேச? இருந்ததெல்லாம் இங்கயே கொட்டிட்டேனே.”

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

“தம்பி பேசட்டும், அண்ணாச்சி.”