பெயர் இருந்த பள்ளம்

ஹிட்டைட் நாட்டில் ராஜாவின் உருவத்தை மலைப்பாறையில் புடைப்பாகச் செதுக்கி, பக்கத்தில் பெயரையும் புடைப்பாகவே செதுக்குவார்கள். பெயருக்குக் கீழே ஒரு சாபமும் இருக்கும். ராஜா மாறினால் சில சமயம் உருவம் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும்.

அப்படி ஒரு பெயரை எடுக்கத்தான் கல்தச்சர் பிஹாமி தன் சீடன் அர்மஸிதியைச் சாரத்தில் ஏற்றிவிட்டிருந்தார். சாயங்காலம் அதிகாரி வருவார். ஓர் எழுத்து மிச்சமிருந்தாலும் சீடனின் விரல் போகும்.

உச்சி வெயில் வந்தும் உளிச் சத்தமே இல்லை. பிஹாமி ஏறிப் போய்ப் பார்த்தார். உளியை மடியில் வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா, ராஜாவுக்குக் காவலா?”

“ஆசானே, பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது, பார்த்தீர்களா?”

“நீயே படி.”

“‘இந்தப் பெயரை அழிப்பவன் வீட்டில் பிள்ளை தங்காது.’ என் வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாதம்.”

“தெரியுமே. காலையில் மூச்சு வாங்கிக்கொண்டே உனக்கு ரொட்டி கட்டினாள். இந்த வெயிலில் உன்னை மலை ஏற்றுகிறேன் என்று எனக்குத் திட்டு வேறு.”

“அழிக்கச் சொன்னது ராஜா. அழிக்கப் போவது நான். சாபம் யாருக்கு ஆசானே?”

பிஹாமி இடுப்பில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்தார்.

“அந்த முனையைப் பிடி.”

பெயரின் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் நூல் பாறையில் பட்டது. நடுவில், பெயர் மட்டும் இரண்டு விரல் ஆழப் பள்ளத்தில் கிடந்தது.

“கீழேயிருந்து பார்த்தால் தெரியவில்லையே! ஏன் இவ்வளவு பள்ளம்?”

“ஒரு விரல் என் அப்பா எடுத்தது. முதல் ராஜாவின் பெயர். இன்னொரு விரல் நான் எடுத்தது. அடுத்த ராஜாவின் பெயர். இப்போது இருப்பது அதற்கும் அடுத்தவர் பெயர், நான் செதுக்கியது.”

“சாபம்?”

“அது முதல் ராஜா வைத்தது. யாரும் அதைத் தொடவில்லை. புது ராஜாவும் அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.”

அர்மஸிதி நூலை விட்டான்.

“உங்கள் அப்பா எடுத்தாரே, அப்போது என்ன ஆயிற்று?”

“அம்மாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் நான்.”

“நீங்கள் எடுத்தபோது?”

“தோள் பிடித்துக்கொண்டது. அப்பா எழுத்தை அத்தனை உயரம் புடைக்க விட்டிருந்தார். பத்து நாள் கையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரிதான் ரொட்டி ஊட்டினாள்.”

அர்மஸிதி சிரிக்கவில்லை. ஆனால் உளியை எடுத்தான். அவன் நினைத்ததைவிடச் சீக்கிரமே பெயர் உதிர்ந்தது. அதிகாரி வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை புதுப் பெயருக்குக் கரியால் கோடு போட்டுவிட்டுக் கேட்டான்.

“ஆசானே, எழுத்தை எவ்வளவு உயரம் விடட்டும்?”

“அரை விரல் போதும். உன் பிள்ளைக்குத் தோள் வலிக்கக் கூடாது.”