இரைச்சல் என்று நீக்கியது

"இதுல எங்கப்பா எங்க?" என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலி டவுனில் இறங்கி, பாத்திரக்கடை மாடியில் இருக்கும் இந்த இசை நூலகத்தை விசாரித்து விசாரித்து வந்தவர். வயது அறுபத்து நாலு. அப்பாவின் போட்டோ ஒன்றுகூட அவரிடம் கிடையாது. அப்பா வாசித்தது பதிவானதும் ஒரே ஒரு தடவைதான். 1971 பங்குனித் திருவிழா, ஒரு கோயில் பிரகாரம், ஒரு ஸ்பூல் நாடா. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

"நல்லாக் கேளுங்க அக்கா. கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றார் சங்கரபாண்டியன். அந்த நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்தவர் அவர்தான்.

"கேட்டாச்சு. நாயனம் கேக்கு. தவுல் கேக்கு. தாளம்கூட கேக்கு. எங்கப்பாவத்தான் காணோம்."

"அவிய என்ன வாசிச்சாவ?"

"ஒத்து."

சங்கரபாண்டியனுக்குப் புரிந்துவிட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஒத்து என்பது நாயனம் என்கிற நாதஸ்வரம் மாதிரியே நீளமான ஒரு குழல். அதில் பாட்டு வராது. ஒரே ஒரு சுருதிதான் வரும். கச்சேரி தொடங்கும் முன்னாலேயே அது தொடங்கும், கடைசிவரை விடாது. நாயனம் அதன்மேல்தான் நிற்கும். அதை ஊதுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதுதான் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை.

சங்கரபாண்டியன் முப்பது வருஷம் ரேடியோவில் சவுண்ட் என்ஜினியர். ஐம்பத்தேழு வயதில், தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரான தமயந்தி டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். டீச்சர் நாயனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். இங்கிருக்கும் நானூறு நாடாக்களையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தவர்.

ரேடியோவில் சங்கரபாண்டியனுக்கு இருந்த ஒரே எதிரி இரைச்சல். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மின்சாரச் சுருதிப்பெட்டி வைத்திருந்தார்கள். இந்த நாடாவின் தொடக்கத்தில் முக்கால் நிமிஷம் 'ரொய்ங்' என்று ஒரே சத்தம் தூரத்தில் ஓடியது. திருவிழா ஜெனரேட்டர் என்று நினைத்தார். அந்த முக்கால் நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, இது எங்கே இருந்தாலும் நீக்கிவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னார். அது சொன்னபடி செய்தது. நாற்பது நிமிஷத்திலிருந்தும் ஒரு மனுஷரை நீக்கிவிட்டது.

பக்கத்து அறையிலிருந்து டீச்சர் வந்தார். நடந்ததை ஆவுடையம்மாளே சொன்னார். கோபம் இல்லாமல் சொன்னார், அதுதான் சங்கரபாண்டியனுக்குத் தாங்கவில்லை.

"கழுவாத நகல் இருக்குல்லா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

இரைச்சலைக் கழுவுவது எதுவானாலும் நகலின் நகலில் மட்டும். இந்த நூலகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. அவருக்கும் சொல்லித்தந்தார்கள்.

"ஏன் அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"போன மனுஷன ரெண்டாந்தடவையும் அனுப்பிட்டீயளாக்கும்," என்றார் ஆவுடையம்மாள். மேஜையில் கிடந்த அட்டவணைக் கார்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "நாயனம், தெய்வநாயகம். தவுல், உலகநாதன். மற்றும் இருவர். நல்லா எழுதியிருக்கீய. இந்த இருவர்ல ஒருத்தர் எங்கப்பா. சுடலைமுத்துன்னு பேரு. எழுதுததுக்கு மையா இல்லாமப் போச்சு?"

"எழுதிருதேன் அக்கா."

"இப்ப எழுதி? பேரையா ஊதச் சொல்லிக் கேப்பேன்?"

சங்கரபாண்டியன் டீச்சரைப் பார்த்தார். "இதோட அறுபத்து மூணு நாயன நாடா முடிச்சிருக்கேன் டீச்சர். அத்தனையும் இப்படித்தான் கழுவியிருக்கேன். எது இரைச்சல், எது வாசிப்புன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

டீச்சர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒத்து ஒன்றை எடுத்தார். டப்பாவிலிருந்து நாணல் சீவாளி ஒன்றை எடுத்து, தம்ளர் தண்ணீரில் நனைத்து, ஊதுகிற முனையில் பொருத்திச் சங்கரபாண்டியனிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் ஊதுங்க. நிறுத்தக்கூடாது."

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது தடவை சுருதி வந்தது. பதினோரு விநாடியில் அறுந்தது.

ஆவுடையம்மாள் சிரித்துவிட்டார். "தம்பி, மூச்சு வாங்கதுக்கு நிறுத்தப்படாது. கன்னத்துல காத்தை அடைச்சு வச்சுக்கிடணும். அதை வெளிய தள்ளும்போதே மூக்கால இழுக்கணும்."

"ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? எங்கப்பா சோறு திங்கும்போதும் அப்படித்தான் கன்னத்த உப்ப வச்சு மூச்சு விடுவாவ. பிள்ளைய பயப்படுதுன்னு எங்கம்மா ஏசுவா."

சங்கரபாண்டியன் மறுபடி ஊதினார். ஒன்பது. பன்னிரண்டு. எட்டு. டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏழாவது தடவை பதினான்கு விநாடி போனது. உதடு மரத்து, கண்ணில் தண்ணீர் வந்து, ஒத்தைக் கீழே இறக்கினார்.

"இந்த நாடாவை வச்சிருந்த வீட்டுல எனக்குத் தந்த அன்னைக்கே முழுசாக் கேட்டேன்," என்றார் டீச்சர். "தெய்வநாயகம் மூச்சு வாங்க நூத்திப் பத்து எடத்துல நிறுத்துதார். நான் எண்ணினேன். சுடலைமுத்து எத்தனை எடத்துல நிறுத்தினார்?"

சங்கரபாண்டியன் ஒத்தைத் துடைத்து மேஜையில் வைத்தார். எழுந்து போய், உள்ளறையிலிருந்து அந்த அசல் ஸ்பூலை எடுத்து வந்தார். பெட்டியைத் திறந்ததும் பழுப்பாகத் தூள் கொட்டியது.

"இன்னொரு தடவை ஓடுமா?" என்றார் டீச்சர்.

"ஓடும். அதுக்கு அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்ல. சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிடக்கு. மெஷினை இழுக்க விட்டா பிய்ச்சுரும். நான் கையால ஊட்டணும்."

"நாப்பது நிமிஷமும்?"

"நாப்பது நிமிஷமும்."

மின்விசிறியை அணைத்தார். மெஷினைத் துடைத்தார். இரண்டு கம்ப்யூட்டரில் பதிவாகும்படி வயரை மாட்டி, இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மறுபடியும் பார்த்தார். ஸ்பீக்கரை ஆவுடையம்மாள் பக்கம் திருப்பினார். இடது உள்ளங்கையை ஸ்பூலின்மேல் வைத்து, மெஷின் கேட்கிற அளவுக்குச் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்.

'ரொய்ங்' என்று வந்தது.

ஆவுடையம்மாள் அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "ம். வந்துட்டாவ," என்றார். அவ்வளவுதான்.

நாயனம் வந்தது. தவுல் சேர்ந்தது. சங்கரபாண்டியன் அவற்றைக் கேட்கவில்லை. அடியில் ஓடிய அந்த ஒரு சுருதியை மட்டும் கேட்டார். அது சீராக ஓடினால் நாடா சரியாகப் போகிறது. அது நடுங்கினால் தன் கை நடுங்குகிறது. வேறு கணக்கே தேவைப்படவில்லை.

பத்தாவது நிமிஷத்தில் தோள் வலித்தது. கையை மாற்றினால் நாடா தடுக்கும். மாற்றவில்லை.

ஓரிடத்தில் சுருதி ஒரு இழை இறங்கி மறுபடி ஏறியது. தன் கைதான் தப்பு செய்துவிட்டது என்று அவர் பல்லைக் கடித்தார்.

"நீங்க இல்ல தம்பி," என்றார் ஆவுடையம்மாள், கண்ணைத் திறக்காமலே. "அப்பாவுக்கு ஒதடு மரத்துப்போச்சு. பாத்துக்கிடுங்க, இப்ப சரி பண்ணிருவாவ."

சரியானது.

கூரியர்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். டீச்சர் கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார். முப்பத்து மூன்றாவது நிமிஷத்தில் நாடா ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. சங்கரபாண்டியன் கட்டைவிரலால் ஓரத்தை நெம்பி விட்டார். ஓரம் விரலைக் கீறியது. ரத்தம் ஸ்பூலில் படாமல் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சுருதி அறுபடவில்லை.

நாயனம் மங்களம் வாசித்து நின்றது. தவுல் கடைசியாக ஒரு சொற்கட்டு வாசித்து நின்றது. ஜனங்கள் எழுந்து போகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். பதிவு செய்தவர் மெஷினை நிறுத்த மறந்திருக்கிறார். ஒத்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. நாயன வித்வான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினால்தான் அது நிற்கும். அவர் இன்னும் திரும்பவில்லை.

டீச்சர் மெஷினைக் குனிந்து பார்த்தார். உள்ளே பழுப்புத் தூள் சேர்ந்திருந்தது. பிறகு சங்கரபாண்டியனுடைய கையைப் பார்த்தார்.

"கச்சேரி முடிஞ்சாச்சு அண்ணாச்சி. நிறுத்துங்க."

சங்கரபாண்டியன் நிறுத்தவில்லை.