ஒரே தடவைப் பாலிஷ்

முப்பத்திரண்டு வருஷம் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர் ரெங்கராஜு. டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், திருச்சி பாலக்கரையில் கார்களுக்குப் பாலிஷ் போடும் ஹாஜிராவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். ஹாஜிராவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் ரெங்கராஜு அவரை வாய் நிறைய "மாஸ்டர்" என்றே கூப்பிடுவார். குருவுக்கு வயசா பார்ப்பார்கள்?

ஆறு மாதம் கழுவவும் துடைக்கவும் மட்டும் விட்ட மாஸ்டர், ஒரு சனிக்கிழமை காலையில் முழுசாக ஒரு காரை அவரிடம் ஒப்படைத்தார்.

கால் டாக்ஸி ஓட்டும் சவரிமுத்துவின் வண்டி அது. மெரூன் கலர், பதினோரு வயசு. அன்று மாலை நாலு மணிக்குச் சவரிமுத்துவின் மகளுக்கு மாதா கோயிலில் கல்யாணம். பெரிய கார் அனுப்புகிறோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை.

"எம்புள்ள என் வண்டியிலதான் போவும். பளபளன்னு ஆக்கிக் குடுங்க சார்," என்று சாவியை நீட்டிவிட்டு ஓடினார்.

ரெங்கராஜு டார்ச்சை எடுத்தார். பழைய புத்தி எங்கே போகும்? பானெட்டில் மட்டும் நாற்பத்தொரு கீறல் பிடித்தார்.

"மாஸ்டர், மூணு பாலிஷ் போட்டுருவோம். முதல்ல முரட்டுப் பாலிஷ், அப்புறம் நடுத்தரம், அப்புறம் மெருகு. கடைசியா வாக்ஸ். ஒரு கீறல் தப்பாது."

"ஒரே தடவையில முடிக்கிற பாலிஷும் இருக்கே சார்."

"அது அரைகுறை வேலை இல்லையா? நீங்களே சொல்லுங்க, ரெண்டுல எது உசத்தி?"

மாஸ்டர் பானெட்டில் டேப் ஒட்டி, கைக்குட்டை அகலத்துக்கு இரண்டு கட்டம் பிரித்தார்.

"இதுல உங்க முரட்டுப் பாலிஷ். அதுல ஒரே தடவைப் பாலிஷ். போட்டுப் பாருங்க."

பாலிஷ் மெஷின் ஓடியது. முரட்டுப் பாலிஷ் போட்ட கட்டம் கண்ணைப் பறித்தது. கீறல் இருந்த சுவடே இல்லை. ரெங்கராஜுவுக்குத் தலைகால் புரியவில்லை.

மாஸ்டர் துணியைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு கட்டத்தையும் துடைத்தார். முரட்டுக் கட்டம் வாயால் ஊதிய கண்ணாடி மாதிரி மங்கிப்போனது.

"எங்க போச்சு மாஸ்டர் அந்தப் பளபளப்பு?"

"அது பாலிஷ்ல இருந்த எண்ணெய் சார். இப்ப துணியில இருக்கு."

பக்கத்துக் கட்டத்தில் பத்துக்கு நாலு கீறல் தங்கிவிட்டது. ஆனால் துடைத்த பிறகும் நிறம் தெளிவாக நின்றது.

"அந்த மங்கலைத்தான் அடுத்த ரெண்டு பாலிஷ் எடுத்துருமே," என்றார் ரெங்கராஜு. லேசில் விடுகிற ஆள் இல்லை அவர்.

மாஸ்டர் பெயிண்டின் கனம் காட்டும் மீட்டரை பானெட் மேல் வைத்தார்.

"புது வண்டியில நூறைத் தாண்டும். இதுல எழுபத்தாறு. முன்னாடியே யாரோ ஆசை தீரத் தேய்ச்சிருக்காங்க. பாலிஷ் பெயிண்டைத் தின்னுதான் கீறலை எடுக்கும். இன்னைக்கு இது உங்க வண்டி. நீங்களே பாத்துச் செய்ங்க."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ரெங்கராஜு தனியாக நின்றார். மணப்பெண் இறங்கும்போது பெயிண்ட் தேய்ந்துபோய் பானெட்டில் வெள்ளையாக ஒரு திட்டு, ஊரே அதைப் பார்க்கிறது. நினைத்ததும் ஒரே தடவைப் பாலிஷை எடுத்துக்கொண்டார்.

பானெட் முடிந்து கூரைக்கு வரும்போது அவரை அறியாமல் பாட்டு வந்தது. நிறம் அப்படித் துலங்கியது. பின் கதவில் மட்டும் ஒரு சாண் கீறல் போவேனா என்று நின்றது. இரண்டு தடவை முரட்டுப் பாலிஷின் மூடியைத் திறந்தார். இரண்டு தடவையும் மூடினார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக வாக்ஸைப் பூசி முடித்தார்.

மூன்று மணிக்குப் பட்டு வேட்டியில் வந்தார் சவரிமுத்து. மறைத்துக் கொடுக்க ரெங்கராஜுவுக்கு மனசு வரவில்லை.

"சவரிமுத்து, ஒளிச்சுப் பேசக் கூடாது. இந்தாங்க, இங்க ஒரு கீறல் நிக்குது."

சவரிமுத்து குனிந்து பார்த்தார்.

"எங்க சார்?"

"இந்தா, டார்ச் அடிக்கிறேன் பாருங்க."

"எம்மூஞ்சிதான் சார் தெரியுது," என்றார் சவரிமுத்து. அப்படியே மீசையை ஒதுக்கிக்கொண்டார். சிரிக்கப் போனவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரெங்கராஜுவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறினார். தெருமுனை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

ரெங்கராஜுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆயிற்றே.

"பத்துக்கு நாலு கீறலை விட்டுட்டேனே மாஸ்டர். அப்ப இன்னைக்கு நான் என்னதான் வேலை செஞ்சேன்?"

மாஸ்டர் மெஷினில் மாட்டும் பஞ்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தார்.

"பேரப்புள்ள ஞானஸ்நானத்துக்கும் அவரு இதே வண்டியிலதான் போவாரு. அன்னைக்குத் தேய்க்கப் பெயிண்ட் மிச்சம் வச்சிருக்கீங்க சார்."