தொட்டியைக் கேட்டுச் சொல்கிறேன்

வழிகாட்டி என்றால் வழியைக் காட்ட வேண்டும். அபிநயாவுக்கு வாய்த்தவர் ஒரு தொட்டியைக் காட்டினார்.

சாயக் கழிவுநீர்த் தொட்டி. ஒரு கல்யாண மண்டபத்தை அப்படியே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பெரிது. மேலே பழுப்பு நுரை. அடியிலிருந்து காற்று கொப்பளித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு தொட்டி.

"இவ்வளவுதான் கண்ணு," என்றார் பூங்கொடி. "இதுங்க ரெண்டும் உசுரோட இருந்தாச் சரி."

அபிநயாவுக்குச் சுருக்கென்றது. நாளைய சூழல் தலைவர்கள் என்று தமிழ்நாட்டையே சலித்து இருபது பேரை ஓர் அறக்கட்டளை தேர்ந்தெடுத்திருந்தது. ஆளுக்கு ஓர் அனுபவசாலி, ஆறு மாதம். ஒருவனுக்கு ஜெனிவாவில் பேசியவர் கிடைத்தார். ஒருத்திக்குக் காற்றாலைக் கம்பெனியின் தலைவர். இவளுக்கு ஒரு கெமிஸ்ட். திருப்பூரைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில், இருபத்தேழு சாயப்பட்டறைகளின் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலை. வயது நாற்பத்தைந்து. சுடிதாருக்குக் கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்லூரிக் கூட்டத்தோடு வந்து இதே நிலையத்தின் கேட்டில் நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டவள் அவள். ஆபரேட்டர் காளியப்பன் அதை மறக்கவில்லை.

"அன்னிக்கு வெளிய நின்னு கத்துனீங்க. இன்னிக்கு உள்ள நின்னு கத்துங்க. தண்ணி தெளியுதான்னு பாப்போம்."

"தெளியலேன்னா மறுபடி வெளிய போய்க் கத்துவேண்ணே," என்றாள் அபிநயா.

பூங்கொடி சிரித்தார். அபிநயா நோட்டைத் திறந்தாள்.

"அக்கா, தலைமைப் பொறுப்புக்கு வர்றவங்களுக்கு என்னவெல்லாம் தெரிஞ்சிருக்கணும்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பூங்கொடி ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியைத் தொட்டிக்குள் விட்டு மொண்டு வந்தார். கலங்கல் தண்ணீர். மேசைமேல் வைத்தார்.

"முப்பது நிமிஷம் இதைப் பாரு. ஆட்டாதே."

"இது படிவுச் சோதனை. காலேஜ்ல ரெண்டாம் வருஷமே செஞ்சுட்டேன்."

"செஞ்சே. பாத்தியா?"

அபிநயாவின் வாயில் பதில் தயாராக இருந்தது. அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் பூங்கொடி அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.

இரண்டு மாதம் இதுவே வேலை. காலையில் ஒரு ஜாடி, மாலையில் ஒரு ஜாடி. மற்ற பத்தொன்பது பேரும் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள்: டெல்லி விமான நிலையம், மாநாட்டு மேடை, கழுத்தில் அட்டை. அபிநயாவிடம் போடுவதற்கு ஒரு சேற்று ஜாடிதான் இருந்தது. போட்டாள். யாரோ காபி படம் போட்டார்கள், "உனக்கும் ஒரு டம்ளர்" என்று.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். பட்டறைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடும் வால்வில் கை வைக்கும்போதெல்லாம் பூங்கொடி மெல்ல ஒரு வார்த்தை சொல்வார்.

"தாங்குமா?"

சொல்லிவிட்டு ஜாடியைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வால்வு திரும்பும். சில நாள் இரண்டு சுற்று. சில நாள் அரைச் சுற்று.

"யாரைக்கா கேக்கறீங்க?"

"வேலை செய்யறவங்களை."

"காளியப்பன் அண்ணனையா?"

"என்னைய யாரு கேக்கறா?" என்றார் காளியப்பன் தூரத்திலிருந்து.

பூங்கொடி ஜாடிச் சேற்றில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். நுண்ணோக்கியைத் திருகிச் சரிசெய்துவிட்டு விலகி நின்றார்.

அபிநயா குனிந்தாள்.

மணிகள். நீண்ட காம்புகளின் நுனியில், பூங்கொத்துப் போல, கண்ணாடியால் செய்தது போல, மணிகள். ஒவ்வொன்றின் வாயிலும் மயிரிழைகள் சுழன்றன. சுழலின் வேகத்தில் அழுக்குத் துணுக்குகள் மிதந்து வந்து வாய்க்குள் போயின. சட்டென்று ஒரு காம்பு கம்பிச்சுருளாகச் சுருங்கியது. பிறகு மெதுவாக, கூச்சத்தோடு, மறுபடி நீண்டது.

அவள் தேர்வில் இந்த நுண்ணுயிரின் படத்தை வரைந்து பத்து மதிப்பெண் வாங்கியவள். இப்போது மூச்சு விடக்கூடப் பயந்தாள்.

"எத்தனைக்கா இருக்கும்?"

"ஒரு சொட்டுல நீ பாத்தது. தொட்டியில எத்தனை சொட்டுன்னு எண்ணிக்கோ."

"இவங்க என்ன சாப்பிடறாங்க?"

"இவங்களை விடப் பொடிசா இன்னும் கோடிப் பேரு இருக்காங்க. பட்டறையில இருந்து வர்ற சோப்பு, எண்ணெய், சாயம், அதுங்களுக்கு அதுதான் சோறு. அதுங்க இந்த மணிகளுக்குச் சோறு."

அபிநயா நிமிர்ந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அட்டையில் சிவப்பு மையால் அவள் 'விஷம்' என்று எழுதிப் பிடித்தது இந்தத் தண்ணீரைத்தான். அன்று மாலை அவள் யாரோடும் வாதாடவில்லை. காளியப்பனுக்கே கவலையாகிவிட்டது.

"காய்ச்சலுங்களா மேடம்?"

ஐப்பசி வந்தது. தீபாவளிக்குப் பட்டறைகளைப் பத்து நாள் மூடினார்கள். ஆட்கள் ஊருக்குப் போனார்கள். குழாயில் ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர் இல்லை. ஓடையை நினைத்து அபிநயா சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது பாதி மணிகள் வாயை மூடியிருந்தன.

"பட்டினி," என்றார் பூங்கொடி. கொட்டகையில் வெல்ல மூட்டைகள் அடுக்கியிருந்தன. "தொட்டிக்கு நாளுக்கு ஒரு மூட்டை. கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா விடு. நான் நாளைக்கு ஒரு நாள் தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்."

தீபாவளியன்று காலை அபிநயா தனியாக இருந்தாள். காளியப்பன் பிள்ளைகளுக்கு வெடி வாங்கப் போயிருந்தார். அவள் முதல் தொட்டியின் சொட்டை எடுத்துப் பார்த்தாள். மணிகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்று அவள் பார்க்கப் பார்க்கவே காம்பிலிருந்து கழன்று மிதந்து போனது.

ஒரு மூட்டையாம். ஊரே பலகாரம் தின்கிறது, இதுகளுக்கு அளந்து போட வேண்டுமாம். என்ன நியாயம்?

மத்தியானம் வரை டிரம்மில் கரைத்துக் கரைத்து ஊற்றினாள். எட்டு மூட்டை. இருந்த வெல்லமெல்லாம் முதல் தொட்டிக்கே போயிற்று. இரண்டாவது தொட்டிக்கு மிச்சமில்லை. அதற்கு மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் பூங்கொடி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்தார். அழுகிய முட்டை நாற்றம்.

முதல் தொட்டி கறுத்துக் கிடந்தது. கிடைத்த காற்றையெல்லாம் ஒரே விருந்தில் உறிஞ்சித் தீர்த்து, மூச்சு முட்டிச் செத்திருந்தது.

பூங்கொடி இரண்டு தொட்டியிலும் ஜாடி மொண்டு வந்து வைத்தார். முப்பது நிமிஷம். முதல் ஜாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரே கரி. இரண்டாவது ஜாடியில் சேறு கொஞ்சமாக இருந்தது. ஆனால் அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

"நான்தான்க்கா. பசியோட இருந்தாங்க, அதான்."

"தெரியுது."

"திட்டுங்கக்கா."

"திட்டுனா அது திரும்புமா?"

அபிநயா அழுதாள். அழுகையிலும் வாதம் வந்தது. "கொட்டகையைப் பூட்டிட்டுப் போயிருக்கலாமே நீங்க!"

"பூட்டலாம். அப்புறம் எங்கிட்ட இருந்து சாவியை எப்ப வாங்குவே?"

பத்து நாள் முடிந்து பட்டறைகள் திறந்தன. இருபத்தேழும் ஒரே காலையில். குழாய்கள் உறுமின. சேகரிப்புத் தொட்டியில் சிவப்பும் நீலமும் கலந்து மட்டம் ஏறியது. உயிரோடிருந்தது ஒரே தொட்டி, அதுவும் பட்டினியில் இளைத்தது. அவ்வளவையும் அதற்குள் விட்டால் அதுவும் சாகும். அதுவும் செத்தால் புதிதாக வளர்த்தெடுக்க மாதங்கள் ஆகும். அதுவரை பட்டறைகள் நிற்க வேண்டும், இல்லையென்றால் சாயம் ஓடைக்குப் போகும். பட்டறைகள் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பட்டறை முதலாளிகள் சங்கத் தலைவர் சென்னியப்பன் காரில் வந்து இறங்கினார். இருப்பதிலேயே பெரிய பட்டறை அவருடையது. பூங்கொடிக்குச் சம்பளக் கையெழுத்துப் போடுவதும் அவர்.

"ஏனுங்க பூங்கொடி, வால்வைத் திறக்காம எதுக்கு ரோசனை? கப்பலுக்குப் போவோணும் சரக்கு."

"தொட்டி இன்னிக்கு இந்தப் புள்ள பொறுப்புங்க," என்றார் பூங்கொடி. சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அபிநயா முன்னால் வந்தாள்.

"கேட்ல கத்துன புள்ளதானே இது?" என்றார் சென்னியப்பன். "ஒரு தொட்டியக் கொன்னதும் இதுதானாமா?"

"ஆமாங்க. ரெண்டும் நான்தாங்க."

சட்டம் தெரியும் அவளுக்கு. தீர்ப்புகள் தெரியும். ஓடையில் மீன் செத்த தேதிகள் மனப்பாடம். இந்த மனிதரை நிற்க வைத்துக் கேட்க மூன்று வருஷமாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

ஜாடியை எடுத்துப் போய் இரண்டாவது தொட்டியில் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முப்பது நிமிஷம் உக்காருங்கய்யா."

"எனக்கு நேரமில்ல அம்மிணி."

"எனக்கும் இருந்ததில்லீங்க."

காளியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சென்னியப்பன் பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சென்னியப்பன் உட்கார்ந்தார்.

அவர் போன் அடித்தது. எடுத்துக் கத்தினார். மறுபடி அடித்தது. எடுத்து, "அப்புறம் பேசறேன்," என்றார். மூன்றாம் முறை அடித்தபோது அவர் எடுக்கவில்லை. ஜாடிக்குள் கலங்கல் திரண்டது. மேகம் போல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஒரு விரல், இரு விரல் என்று இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் தண்ணீர் வெளுத்தது. அவர் தன்னையறியாமல் குனிந்து ஜாடியின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்திருந்தார்.

அபிநயா ஒரு சொட்டைத் தகட்டில் வைத்தாள். "இதையும் பாருங்க."

சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதென்ன அம்மிணி, மணியாட்டம் ஆடுது?"

"உங்க பட்டறைத் தண்ணியைத் தெளிய வெக்கறவங்க."

"இதுங்களா?"

"நெறையப் பேரு இருந்தாங்க. பத்து நாள் பட்டினி. இப்ப இவ்வளவு பேருதாங்க."

"பதினெட்டு வருசமா நான் தலைவரு," என்றார் அவர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். குரல் இறங்கியிருந்தது. "மெஷின்தான் பண்ணுதுன்னு இருந்தேன்."

கடைசியில் எழுந்தார். "சரி. எத்தனை மெஷின் ஓட்டலாம்?"

அபிநயா பூங்கொடியைத் தேடினாள். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவள் ஜாடியைப் பார்த்தாள். படிந்த சேறு இரண்டு விரல் உயரம்.

"இன்னிக்கு நாலு மெஷினுக்கு ஒண்ணு. நாளைக்குத் தொட்டியைக் கேட்டுச் சொல்றேங்க."

"தொட்டியக் கேட்டா!" சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டே படியிறங்கினார். ஆனால் கார்க் கதவைத் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். "டேய், நாலுக்கு ஒண்ணுதான் ஓடோணும். எல்லாப் பட்டறைக்கும் சொல்லிடு. ஆமா, நான்தான் சொல்றேன். வந்து பாருங்கடா, தெரியும்."

அபிநயா வால்வில் கை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. அவளை அறியாமல் உதடு அசைந்தது.

கால் சுற்று.

இரண்டாவது தொட்டி நாளுக்கு நாள் தேறியது. அதன் சேற்றை வாளி வாளியாக எடுத்து, கழுவிய முதல் தொட்டிக்கு உறை ஊற்றினார்கள். கொஞ்சம் சாணிக் கரைசல், கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் சாயத் தண்ணீர். மற்ற பத்தொன்பது பேரும் நிறைவு விழா மேடைக்கு உரை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அபிநயாவிடம் ஒரு வரியும் இல்லை.

உறை ஊற்றிய இருபத்து மூன்றாம் நாள் காலை அவள் நுண்ணோக்கியில் குனிந்தவள், "அண்ணே! அக்கா!" என்று அலறினாள். காளியப்பன் பாம்போ என்று கம்போடு ஓடிவந்தார்.

முதல் தொட்டியின் சொட்டில் ஒரே ஒரு மணி. காம்பை நீட்டி, வாயைத் திறந்து, சுழற்றிக்கொண்டிருந்தது.

மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். காளியப்பன் கம்பைச் சுவரோரம் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தார்.

பிறகு அபிநயா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்க்கா. முதல் நாளே நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க முன்னாடி நின்னேன். அன்னிக்கே எல்லாத்தையும் எனக்குச் சொல்லியிருந்தா இந்தத் தொட்டி செத்தே இருக்காதே?"

பூங்கொடி மறுக்கவில்லை. ஜாடியைக் கழுவி, முதல் தொட்டியில் மொண்டு வந்து, மேசைமேல் வைத்தார். பிறகு வால்வில் கை வைக்கும்முன் தொட்டியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையால் அபிநயாவைப் பார்த்தார்.

"தாங்கியிருக்குமா?"