யாரும் சாகாத வைத்தியசாலை

ஒரு காட்டில் நோய் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மருந்து மட்டும் சிங்கராஜாவின் குகைக்குச் சொந்தமாக இருந்தது. பச்சிலை தெரிந்த ஒரே வைத்தியர் கரடி. அது ராஜாவின் குகை வாசலில் உட்கார்ந்து, ராஜாவின் ஏப்பத்துக்கு மருந்து அரைத்துக்கொண்டிருந்தது.

எருமைகள் பொறுத்துப் பார்த்தன. பிறகு ராஜா தண்ணீர் குடிக்கப் போகும் வழியை மறித்துப் படுத்துக்கொண்டன. "எல்லோருக்கும் வைத்தியசாலை வேண்டும்" என்றன.

படுத்த எருமையை எழுப்புவது எளிதல்ல, குழந்தைகளே. தாகம் எடுத்ததும் அது சிங்கத்துக்கும் விளங்கியது.

வைத்தியசாலை எழுந்தது. எருமைகள் கல் சுமந்தன. யானைகள் மரம் இழுத்தன. "சிங்கராஜா கட்டியது" என்று வாசலில் எழுதிய நரி, வைத்தியசாலைக்குத் தலைவர் ஆனது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா பாறைமேல் ஏறி, கர்ஜித்துச் சொன்னால்தான் அது ஆணை. வேறு எப்படிச் சொன்னாலும் வெறும் பேச்சு.

திறப்பு விழாவன்று சிங்கம் பாறைமேல் ஏறிக் கர்ஜித்தது. "என் பெயரில் நடக்கும் வைத்தியசாலைக்குள் ஒரு சாவுகூட விழக் கூடாது. விழுந்தால் நரியின் தலை உருளும்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. எருமைகளும்தான் செய்தன. அதை மறைப்பானேன்?

"சாவே வராத வைத்தியம் எனக்குத் தெரியாதே" என்று கரடி முனகியது.

"எனக்குத் தெரியும், வைத்தியரே" என்றது நரி. "நீர் உள்ளே இரும். வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

விக்கலோடு அணில் வந்தது. "உள்ளே போ" என்றது நரி.

ஓர் இறகு உதிர்ந்துவிட்டதென்று மயில் வந்தது. "அடடா, வாருங்கள் அம்மா. படுக்கை தயாராக இருக்கிறது" என்றது நரி.

பாம்பு கடித்த மானை அதன் கூட்டத்தார் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். கடைசி நேரத்தில் சொந்தபந்தம் சுற்றி இருப்பதுதான் மரியாதை."

மான் பாதி வழியில் செத்தது. பாதி வழி வைத்தியசாலை ஆகுமா? ஆகாது. ஆகவே அந்தச் சாவு கணக்கில் வரவில்லை.

சாவே இல்லாத வைத்தியசாலை என்று பக்கத்துக் காடுகளிலும் பேச்சாயிற்று. வெளிக்காட்டு ராஜாக்கள் வந்து பார்த்து, தலையை ஆட்டி, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் தாய் எருமை ஒன்று தன் கன்றை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது. கன்றுக்கு வயிறு உப்பி, மூச்சு முட்டியது.

நரி எட்டிப் பார்த்தது. "கன்றின் முகம் சரியில்லை, தாயே. வீட்டுக்கு அழைத்துப் போ."

"வீட்டில் வைத்தியம் இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? கரடியைக் கூப்பிடு."

"வைத்தியர் அணிலின் விக்கலைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்."

அப்போது சிங்கம் தள்ளாடிக்கொண்டு வந்தது. அதன் தொண்டையில் எலும்பு சிக்கியிருந்தது. "கதவைத் திற" என்றது, காற்றுப் போன குரலில்.

"மகாராஜா, தங்கள் முகமும் சரியில்லையே."

"நான் ராஜா."

"அதனால்தான் பயமாக இருக்கிறது. அணில் செத்தாலே என் தலை போகும். தாங்கள் உள்ளே செத்தால் இளவரசர் என் தலையோடு நிறுத்துவாரா?"

"அந்த ஆணையை ரத்து செய்கிறேன்."

"பாறைமேல் ஏறி, கர்ஜித்துச் சொல்லுங்கள்."

சிங்கம் வாயைத் திறந்தது. எலிக்குஞ்சு கீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"இது பேச்சு, மகாராஜா. ஆணை அல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தியது நரி.

சிங்கம் எருமையின் பக்கத்தில் உட்கார்ந்தது. "இங்கே எவ்வளவு நேரமாக நிற்கிறாய்?" என்று கேட்டது.

"நாங்கள் எல்லோரும் எப்போதும் இங்கேதான் நிற்கிறோம், ராஜா. நீங்கள்தான் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள்."

கன்றின் கால்கள் மடங்கின. தாய் எருமை தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. மந்தை முழுவதும் வந்து நின்றது.

"மறுபடியும் மறியலா?" என்று உள்ளேயிருந்து நரி சிரித்தது. "படுங்கள், படுங்கள். வெயிலாவது காயலாம்."

எருமைகள் படுக்கவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தன. கதவு பெயர்ந்து விழுந்தது. நரி பின்சுவர் ஏறிக் குதித்து ஓடியது.

சிங்கம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. கரடி கையை நீட்டித் தடுத்தது. "வந்த வரிசைப்படிதான், ராஜா. கன்று முதலில்."

கரடி கன்றின் வாயில் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, வயிற்றை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. அடைபட்ட காற்றெல்லாம் வெளியே வந்தது. வந்த வேகத்தில் மயில் படுக்கையை விட்டு ஓடிவிட்டது. கன்று எழுந்து நின்று தாயிடம் பால் குடித்தது.

பிறகு கரடி சிங்கத்தின் தொண்டைக்குள் கையை விட்டு எலும்பைப் பிடுங்கியது. குரல் திரும்பியதும் ராஜா கர்ஜித்த முதல் சொல் இதுதான்: "என் கதவை உடைத்தது யார்?"

"நாங்கள்தான்" என்றது தாய் எருமை. "வேண்டுமானால் வேறு கதவு போடச் சொல்லுங்கள். அடுத்த எலும்பு சிக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு போடச் சொல்லுங்கள்."

சிங்கம் தொண்டையைத் தடவிக்கொண்டே நடந்தது. நன்றி சொல்லவில்லை. ராஜாக்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சில நாள் கழித்து, கதவில்லாத வாசல் வழியாக ஒரு கிழட்டுப் பன்றி வந்து படுத்தது. கரடி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. பன்றி பிழைக்கவில்லை. கரடியின் மடியில் தலை வைத்தபடி அது இறந்தது. அந்த வைத்தியசாலைக்குள் விழுந்த முதல் சாவு அதுதான்.

யார் தலையும் உருளவில்லை. மறுநாள் வாசலில் கூட்டம் முன்னைவிட அதிகமாக இருந்தது.

நீதி: யாரும் சாகாத வைத்தியசாலை என்று எவராவது பெருமை பேசினால், வாசலில் யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேள்.